தம்பிக்குப் பிணை நின்றது

வேலிப் படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றால் கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிடுவேன். வந்தவர் மீன்காரராக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம். எஞ்சின் நிற்கிற சத்தத்துக்கும் "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுகிற சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கை கால் எல்லாம் குளிர்ந்துவிடும். எங்கள் அண்ணையை அப்படி வந்த ஒரு மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். "சின்ன விசாரணைதான், பின்னேரம் விட்டிடுவம்" என்றார்கள். இத்தனை வருடமாகியும் அந்தப் பின்னேரம் வரவில்லை.

ஆகையால் தம்பியைத் தேடிப் பொலிஸ் வந்த காலையில் நான் செய்த கூத்தை யாரும் குறை சொல்ல முடியாது. படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நானும் வாறன். எங்கை கொண்டு போறியள் எண்டு எழுதித் தந்திட்டுக் கொண்டு போங்கோ" என்று கத்தினேன். வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர், "அம்மா, இது அடிபிடிக் கேஸ். பயப்பட வேண்டாம்" என்றார். பயப்பட வேண்டாம் என்று பொலிஸ்காரர் சொன்னால்தான் எங்களுக்குப் பயம் கூடும் என்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஜீப்புக்குப் பின்னால் பொலிஸ் நிலையம் வரைக்கும் சைக்கிள் உழக்கிக்கொண்டு போனேன்.

தம்பியை வளர்த்தது நான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும்தான். கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பொக்கற் தைத்து அவனைப் படிப்பித்தேன். படிப்பு ஏறவில்லை. கால்தான் ஏறியது. அதுவும் இடது கால். உருத்திரபுரத்தில் எங்கள் விளையாட்டுக் கழக மைதானத்தில் அவன் விளையாடுகிற நாளென்றால் அயலூர்ச் சனம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக்கொண்டு வரும். எனக்கு உதைபந்தாட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பந்து அவனிடம் போனால் மைதானமே எழுந்து நிற்கும், அது எனக்குத் தெரியும். மாகாண அணிக்கு எடுத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்து பார்த்துவிட்டு, "இந்தச் சுற்றுப்போட்டி முடிய அனுப்பி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவனுக்கு ஒரு பயணப் பை கூட வாங்கி வைத்தேன்.

அந்தச் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில்தான் எல்லாம் குழம்பியது. எதிரணி விசுவமடுப் பக்கத்துக் கழகம். சமனாக முடிந்து, தண்ட உதை கொடுத்தார்கள். தம்பி அடித்த உதையை அவர்களுடைய கோல்காப்பாளன் பாய்ந்து பிடித்துவிட்டான். தம்பியிலும் இளைய பொடியன். எங்கள் ஆட்கள் தோற்றார்கள். தோற்றால் கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? எங்கள் ஊரில் அதெல்லாம் நடக்காது. சனம் மைதானத்துக்குள் இறங்கி, அடிபிடி வந்து, யாரோ மூலைக் கொடிக் கம்பைப் பிடுங்கி அந்தப் பொடியனின் முகத்தில் அடித்துவிட்டார்கள். அவனுடைய இடது கண் போய்விட்டது.

நான் அன்றைக்கு வேலையில். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் முழுவதும் ஒரே கதை சொன்னது. "அவன் அதிலை இல்லை. அவன் தண்ணி டாங்கியடியிலை முகம் கழுவிக்கொண்டு நிண்டவன்." முதலில் சொன்னவர் என் கணவர். இவர்தான் கழகத்துச் செயலாளர். பொலிசுக்கும் அப்படியே வாக்குமூலம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பொடியன் மட்டும் தம்பியின் பெயரைச் சொன்னான். "வலியிலை ஆளை மாறிச் சொல்லுறான், பாவம்" என்றார் இவர். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். தம்பியிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்கப் பயம்.

விளக்கமறியலில் அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்த தம்பி நின்றான். கடைசியில் பிணை கிடைத்தது. இவர் எங்கள் பக்கத்துச் சாட்சிக்காரர் என்றபடியால் பிணைக்கு நான் நின்றேன். நிபந்தனைகளை வாசித்தார்கள். ஞாயிறுதோறும் பொலிசில் கையெழுத்து வைக்கவேண்டும். நாட்டை விட்டுப் போகக்கூடாது. எதிர்ப்பக்கச் சாட்சிக்காரரை நேரேயோ ஆள் வைத்தோ அணுகக்கூடாது. மீறினால் பிணை ரத்து. வழக்கு முடியும் வரை உள்ளேதான். நீதவான் என்னைப் பார்த்து, "விளங்கினதா?" என்று கேட்டார். "விளங்கினது ஐயா" என்றேன். அங்கிருந்த எல்லாரிலும் எனக்குத்தான் கூட விளங்கியது.

வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுக் கோப்பையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். பக்கத்தில் நானும் பூனையும்தான் இருந்தோம். யாரடா பறிக்கப் போகிறார்கள்? கதவைச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுவான். இன்னொரு முறை உள்ளே போனால் இவன் முழு மனிதனாகத் திரும்பி வரமாட்டான் என்று அப்போதே என் மனதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையே அந்தப் பிணைதான். ஞாயிற்றுக்கிழமை அவன் கையெழுத்து வைத்துவிட்டு வரும் வரை அடுப்பு மூட்ட மாட்டேன். பஸ்சில் விசுவமடுக்காரர் யாராவது ஏறினால் அவனை இறங்கி அடுத்த பஸ்சில் வரச் சொல்லுவேன். இவர் சிரிப்பார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார். "ஓம், நான் அரண்டவள்தான். அரளாத நீங்கள் வந்து பிணை நிண்டிருக்கலாமே" என்பேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

இப்படி இருக்கும்போதுதான் கழகத்துக்காரர் அவனைத் திரும்ப மைதானத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். முதலில் பயிற்சிக்கு மட்டும் என்றார்கள். பிறகு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பிறகு வருடாந்த ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கே பெயர் கொடுத்துவிட்டார்கள். சந்தியில் பதாகை ஏறியது: அவனுடைய படம், பின்னால் தீப்பிழம்பு, கீழே "சிறை கண்ட சிங்கம்". சிங்கமாம்! பல்லி மேலே விழுந்தால் வீடதிரக் கத்துகிறவன். பேஸ்புக்கில் ஒரு வீடியோ. அதற்குப் பின்னால் யாரோ அழுதழுது ஒரு பாட்டு. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் கீழே கண்ணீர் வடித்திருந்தார்கள். "வீழ்ந்தவன் எழுவான்", "சதியை வென்ற கால்". எனக்கு வாசிக்க வாசிக்கக் கேள்விதான் வந்தது. வழக்கு முடியாமல் எப்படி வென்றான்? யார் சதி செய்தது? கண்ணை இழந்த பொடியனா?

"உந்தப் பதாகையைக் கழட்டுங்கோ. நீதவான் உந்தச் சந்தியாலைதான் போறவர்" என்று இவரிடம் சொன்னேன்.

"சனம் சந்தோசப்படுது. அவனும் பழையபடி ஆளாகிறான். உமக்கு அது பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பந்து காலில் பட்ட பிறகு அவன் கோப்பையை மறைக்காமல் சாப்பிட்டான். இரவில் நித்திரை கொண்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்தான். நான் ஒவ்வொரு கோலுக்கும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன், ஒவ்வொரு கோலுக்கும் பயப்படவும் செய்தேன். இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டார்கள். எதிரணி யார் என்று கேட்டேன். இவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "விசுவமடு" என்றார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை. இறுதிப்போட்டி தொடங்க முன்னம் அந்தக் கோல்காப்பாளனைச் சிறப்பு விருந்தினராக மேடைக்கு அழைக்கிறார்களாம். தம்பி அவனுக்குப் பொன்னாடை போர்த்துவானாம். இரண்டு பேரும் கைலாகு கொடுப்பார்களாம். பகை முடிந்ததாம், வழக்கும் இணக்கமாக முடிந்துவிடுமாம்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு முறை. கழகங்களுக்குள் அடிபட்டால் பொலிசுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கடைசியில் மைதானத்தில், சனத்துக்கு முன்னால், ஒரு பொன்னாடையோடுதான் முடியும். பல் உடைந்ததும் அப்படித்தான் முடிந்திருக்கிறது, மண்டை உடைந்ததும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. சனம் பார்த்தால் முடிந்தது முடிந்ததுதான். ஆனால் இது கண்.

"வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விடுறியள்" என்றேன். "அவனை அணுகக்கூடாது எண்டு கோட்டிலை வாசிச்சது உங்கடை காதிலை விழேல்லையோ?"

"அது ஒளிச்சுப் போய் வெருட்டினாத்தான் குற்றம். இது ஊருக்கு முன்னாலை மரியாதை செய்யிறது. பொலிஸ் பெரியவரே விருந்தினரா வாறார். அவருக்கு முன்னாலை செய்தா எப்பிடிக் குற்றமாகும்?"

"சட்டத்தரணியிட்டை ஒரு சொல்லுக் கேளுங்கோ."

"கேட்டா அவா வேண்டாமெண்டுதான் சொல்லுவா."

எங்கள் சட்டத்தரணி வவுனியாவில் இருக்கிறவர். நான் எடுத்தேன், போன் வேலை செய்யவில்லை. தம்பியிடம் போனேன். கிணற்றடியில் விளையாடுகிற சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். "நீ என்னடா சொல்லுறாய்?" என்று கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அத்தானே போர்த்தட்டும் அக்கா. நான் பக்கத்திலை நிக்கிறன்" என்றான். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் திரும்பிவிட்டேன்.

இறுதிப்போட்டிக்கு நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வீட்டில் இருந்தால் செத்துவிடுவேன் போல இருந்தது. மைதானத்தில் சனம் மொய்த்தது. ஐஸ்கிறீம் வான், கடலை வண்டி, பந்தலுக்குள் வெள்ளைத் துணி போட்ட கதிரைகள். பொலிஸ் பெரியவர் நடுக் கதிரையில் இருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய தொப்பியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இப்போது எழும்புவாரோ, இப்போது கூப்பிடுவாரோ என்று பார்த்தபடி பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோல்காப்பாளன் தாயோடு வந்தான். கறுத்தக் கண்ணாடி போட்டிருந்தான். அந்தத் தாயை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நீதிமன்ற விறாந்தையில் எதிரே கிடக்கிற வாங்கில் குந்தியிருப்பார். என்னை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. மகனின் சேர்ட் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவன் கதிரை நுனியில் குந்தினான். கழகத்துக்காரர் வற்புறுத்திக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்பது பார்த்த உடனேயே விளங்கியது.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பிளந்து கட்டினார். "பகை மறந்த நெஞ்சங்கள்! இதோ, வீழ்ந்தெழுந்த எங்கள் வீரன், தன் பொற்கரங்களால்..." ஒலிபெருக்கி வாய்க்கால் கடந்து அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும். பொன்னாடையை இவர் தம்பியின் கையில் திணித்தார். தம்பி இவரைப் பார்த்தான். இவர் "ம், ம்" என்று கண்ணைக் காட்டினார். பொடியனை எழுப்பி நிறுத்தினார்கள். அறிவிப்பாளர் இரண்டு பேருக்கும் நடுவில் ஒலிவாங்கியை நீட்டினார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார்கள் என்று நினைத்தாராக்கும். தம்பி பொன்னாடையை விரித்து, போர்த்துவதற்காக இரண்டு கையையும் அவனுடைய தலைக்கு மேலே தூக்கினான்.

பொடியன் அப்படியே குந்திவிட்டான். கண்ணாடி விழுந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அடியாதேங்கோ அண்ணை! அடியாதேங்கோ! அண்ணை, கண் அண்ணை!" என்றான்.

அவன் கத்தவில்லை. மெல்லமாகத்தான் சொன்னான். ஆனால் ஒலிவாங்கி அங்கே இருந்தது. நாலு மூலைப் பெட்டியிலிருந்தும் அந்தக் குரல் வந்தது. கடலை வறுக்கிறவனும் கையை நிறுத்தினான். அத்தனை சனத்திலும் ஒரு பிள்ளை கூட அழவில்லை.

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் பொடியனைப் பார்த்தார்கள், நான் தம்பியைப் பார்த்தேன். ஒரு குற்றமும் செய்யாதவன் என்றால் திகைத்திருப்பான், ஏனப்பா என்று கேட்டிருப்பான், குனிந்து தூக்கியிருப்பான். இவன் தூக்கிய கையோடு நின்றான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நான் வரும் வரை கதவடியில் நிற்பானே, அதே முகம். ஐயோ என்ரை பிள்ளையாரே என்று என் வாயால் வந்துவிட்டது. அந்தப் பந்தலடி மண்ணிலேயே இருந்துவிட்டேன்.

தாய் வந்து மகனை எழுப்பினார். ஏசவில்லை, அழவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துச் சேலையில் துடைத்து அவனுக்குப் போட்டுவிட்டு, தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பொலிஸ் பெரியவர் எழுந்து போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். அறிவிப்பாளர் தடுமாறி, ஒரு பாட்டைப் போடச் சொன்னார்.

வெட்கம் கெட்டதுகள், ஆட்டத்தையும் தொடங்கினார்கள். தம்பி நடுவில் நின்றான். பந்து வந்தது, பார்த்தான், போனது, பார்த்தான். கொஞ்சம் பொறுத்துச் சனம் கூவத் தொடங்கியது. "சிங்கம் படுத்திட்டுது!" என்று யாரோ கத்தினான். பதாகைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்தவனாகத்தான் இருக்கும். இடைவேளையோடு அவனை எடுத்துவிட்டார்கள். அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் வென்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

குசினிப் படியில் இருந்தான். தேத்தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தான். இரண்டு வருடமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"நீதானேடா?"

"ஓம் அக்கா."

"தண்ணி டாங்கியடியிலை நிண்டனி எண்டு சொன்னாங்களே?"

"அடிச்சுப்போட்டுத்தான் அங்கை போனனான். கை கழுவ." தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அவன் பந்தைப் பிடிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவன் அக்கா. நக்கலாச் சிரிக்கேல்லை, சந்தோசத்திலை சிரிச்சவன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் அடிச்சனான்."

"ஆர் பாத்தது?"

"அத்தான் பாத்தவர். கம்பைப் பறிச்செறிஞ்சதும் அவர்தான்."

போனில் கிண்ணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்த இவர் படலையைத் திறந்தபோது நான் முற்றத்தில் நின்றேன். என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத முடியாது. அயலெல்லாம் வேலிக்கு வந்துவிட்டது. "நான் வேறை என்ன செய்யிறது?" என்று கேட்டார் இவர். "எங்கடை ஊரிலை இப்பிடி ஒரு கால் பிறந்து எத்தினை காலம்? அதை ஒரு கண நேர விசருக்காகச் சிறைக்குள்ளை விடச் சொல்லுறீரோ?"

"அந்தப் பொடியனுக்கும் ரண்டு கண் எல்லோ பிறந்தது!"

இவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கழகத்துப் பொடியள், தம்பியின் ஜேர்சி வாங்க வந்திருந்தார்கள். அதற்குள் நான் தம்பியைப் பின்பக்கக் கோழிக்கூட்டடிக்குத் தள்ளிவிட்டிருந்தேன். ஓடச் சொல்லியா தள்ளினேன்? எனக்கே தெரியாது. பிணை நின்றவள் நானே அவனை ஒளிக்கப் பார்த்திருக்கிறேன்.

பிறகு சட்டத்தரணி போன் எடுத்தார். முதலில் நன்றாக ஏசினார். "உங்களுக்கு மூளை இருக்கோ? சாட்சிக்காரனை மேடையிலை ஏத்திப் பொன்னாடையோ?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "முறைப்பாடு ஒண்டும் வரேல்லை. அந்தப் பொடியன் நல்லாப் பயந்திட்டானாம். வீட்டை விட்டு வெளியிலை வாறானில்லையாம். சாட்சி சொல்ல வராட்டில் வழக்கு நிக்காது. உங்கடை தம்பி வெளியிலை வந்திடுவான்."

எனக்கு அந்த நிமிடம் சந்தோசம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. நெஞ்சில் இருந்த கல்லைத் தூக்கிவிட்டது போல ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சில் என்னை நினைக்க எனக்கே பயமாகிவிட்டது. ஒரு பிள்ளை பயத்தில் அறைக்குள் கிடக்கிறான், அதைக் கேட்டு மூச்சு விடுகிறேனே!

தம்பிக்குச் சொன்னேன். அவன் சந்தோசப்படவில்லை. "அவனிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கலாமோ அக்கா?" என்றான்.

"போகேலாது. போனா உள்ளுக்குத்தான்."

"அப்ப எங்கை சொல்லுறது?"

எங்கே சொல்லலாம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சொல்லு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கோப்பையை மறைத்துக்கொண்டு சாப்பிட்டவன் கண்ணுக்குள் நின்றான். சொல்லாதே என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. பொன்னாடை விரிந்தபடி மேசையில்தான் கிடந்தது. எடுத்து மடிக்கக்கூட எனக்குத் துணிவில்லை.

"உள்ளை போனா பாக்க வருவியோ?" என்று கேட்டான்.

"வராமல்? நாயே."

தவணை நாள். அந்தத் தாய் தனியாகத்தான் வந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டபோது, மகன் வரவில்லை, இறுதிப்போட்டிக்குப் பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான், சாப்பாட்டைக் கூட யன்னலால்தான் கொடுக்கிறேன் என்று சொன்னார். சட்டத்தரணி எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். இன்றைக்கே முடிந்துவிடும் போல இருந்தது. இவர் என் கையைச் சுரண்டி, "முடிஞ்சுது" என்று வாயசைத்தார்.

"ஐயா" என்றான் தம்பி கூண்டுக்குள் நின்று. "அண்டைக்கு அடிச்சது நான்தான்."

சட்டத்தரணி திரும்பி அவனைப் பார்த்தது தெரிந்தது. நீதவான் பேனாவை வைத்துவிட்டு, யோசித்துத்தான் கதைக்கிறாயா, சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு வா என்று வழக்கைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தார். வெளியே விறாந்தையில் சட்டத்தரணி வேண்டாமென்று சொன்னார், இவர் கெஞ்சினார், கையைக் கூடப் பிடித்தார். தம்பியின் சேர்ட் முதுகில் ஒட்டிப்போகும் அளவுக்கு வியர்த்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாமடா என்று ஒரு தலையசைப்பு, அது போதும், அவன் விட்டுவிடுவான். அந்தத் தலையை அசைக்காமல் வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரும்ப அழைத்தபோது அவன் உள்ளே போய் அதையே சொன்னான். முன்குற்றம் ஏதும் உண்டா என்று பார்க்கிற கைரேகை அறிக்கை வந்த பிறகு தண்டனைத் தீர்ப்பு, அதுவரை விளக்கமறியல் என்றார்கள். ஒரு காவலர் அவனுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சத்தம் போட்டு அழுதிருப்பேன்.

வெளியே வந்தேன். இவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. வேப்பமரத்தடியில் அந்தத் தாய் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் எடுக்கவில்லைப் போலும். திரும்பத் திரும்ப அழுத்தினார். கடைசியில் எடுத்துவிட்டான்.

"ராசா, கதவைத் திற" என்றார். "அவன் தானே அடிச்சனெண்டு கோட்டிலை சொல்லிப்போட்டான். ஓம், அவன்ரை வாயாலை. இனி நீ ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கதவைத் திற அப்பு."

போனை மடியில் செருகிக்கொண்டு திரும்பியவர் என்னைக் கண்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"இதைச் சொல்ல ரண்டு வருசமோ பிள்ளை?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு நிற்கவில்லை. விசுவமடு பஸ் வருகிறது என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு றோட்டுக்கு ஓடினார்.